தோள் திரும்பும் விதம்: அசைவும் அதைச் சொல்லும் வினைச்சொற்களும்

மொழியியலையே தொழிலாகக் கொண்டு ஓய்வுபெற்ற ஒருவர், எலும்பையும் தசையையும் பற்றிப் பேச வருவானேன் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமக்கையாருக்கு வலத்தோளில் வலி கண்டது. நாளடைவில் தலை வாருவதும், முந்தானையைத் தோளுக்குப் பின்னால் எடுத்துப் போடுவதும் அவருக்கு இயலாமற் போயின. மருத்துவரிடம் விளக்கிப் பேசும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் வாராது. ஆதலால் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பேரனை உடன் அழைத்துக்கொண்டு மருந்தகத்துக்குச் சென்றார். நாமும் உடனிருந்தோம். மருத்துவர் பல கேள்விகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். கையைத் தூக்கவே முடியவில்லையா, தூக்கினால் வலிக்கிறதா? பிறர் பிடித்துத் தூக்கினால் எழுகிறதா? வெளிப்புறம் திருப்ப முடிகிறதா? பேரனோ இவை அனைத்தையும் சுருக்கி, "கை வலிக்குதா பாட்டி?" என்று ஒரே கேள்வியாக்கினான்.

தமக்கையார் சொன்ன விடை இது: "தூக்குறதுக்குத் தெம்பு இருக்கு ராசா. ஆனா ஒரு மட்டத்துக்கு மேல கை திரும்ப மாட்டேங்குது. நீ பிடிச்சுத் திருப்பினாலும் திரும்பாது." பேரன் இதை மருத்துவரிடம் "வலிக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தான். அவர் சொன்னதில் நோய்க்குறிப்பின் பாதி அடங்கியிருந்தது. அந்தப் பாதி மருத்துவரின் செவிக்குச் சென்று சேரவில்லை. நாம் குறுக்கிட்டு அதனை முழுமையாகச் சொன்ன பிறகே, மருத்துவர் எழுந்து வந்து கையைத் தாமே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

பிழை அந்தப் பிள்ளையினுடையது அன்று. அவனுக்குத் தமிழ் தெரியும். ஆயினும் நாம் வகுப்பறையில் கற்பித்த தமிழில் தோள் என்பது செய்யுளில் வருணிக்கப்படும் ஓர் அழகாக இருந்ததே ஒழிய, அசைகின்ற ஓர் உறுப்பாக இருந்ததில்லை. எவ்வாறு அசைகிறது என்று அறியாத ஒன்றின் அசைவைச் சொற்களால் பிரித்துக் காட்டுதல் எவர்க்கும் அரிது. ஆகவே முதலில் தோளின் அமைப்பையும் அதன் சுழற்சியையும் அறிவோம். பின்னர் சொற்களுக்கு வருவோம்.

மூன்று எலும்புகள், நான்கு இணைப்புகள்

கழுத்தின் அடியில், நடுவிலுள்ள குழியில் விரலை வைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் தடவிச் செல்லுங்கள். விரலுக்குத் தட்டுப்படும் வளைந்த எலும்பு காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் ஓர் அணிகலன். அது கிடக்கும் இடத்தில் இருப்பதால் இப்பெயர் பொருந்துகிறது. இதன் இலத்தீன் பெயருக்குச் சிறு திறவுகோல் என்பது பொருள். கையை உயர்த்தும்போது இவ்வெலும்பு பூட்டில் திரும்பும் திறவுகோலைப்போலத் தன் நீள அச்சில் பின்னோக்கிச் சுழலுவதால், அப்பெயரும் பொருத்தமுடையதே.

இரண்டாவது, முதுகின் மேற்புறத்தில் இரண்டாம் விலா முதல் ஏழாம் விலா வரை பரவியிருக்கும் முக்கோண வடிவத் தோள்பட்டை எலும்பு. இதன் ஒரு பகுதி மேலேறி, தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டு நிற்கிறது. இதனை அக்ரோமியன் என்பர். மூன்றாவது, தோளிலிருந்து முழங்கை வரை செல்லும் மேற்கை எலும்பு. இதன் மேல்முனை பந்தின் ஒரு பாதிபோல் உருண்டிருக்கும்.

இம்மூன்றும் நான்கு இடங்களில் இயங்குகின்றன. மார்பெலும்பும் காறையும் சேருமிடம் ஒன்று. காறையும் தோள்பட்டையும் சேருமிடம் இரண்டு. தோள்பட்டையும் மேற்கையும் சேருமிடம் மூன்று. நான்காவது, தோள்பட்டை எலும்பு விலாக்களின்மேல் நகருமிடம். அங்கே மற்ற மூட்டுகளில் உள்ள குருத்தெலும்போ மூட்டுறையோ இல்லை. இடையில் தசைகளே உள்ளன. எனினும் செயலால் அதுவும் மூட்டே. உடற்கூட்டின் நடுப்பகுதியோடு நம் கை முழுவதும் எலும்பால் இணைந்திருப்பது முதலிற் சொன்ன ஓரிடத்தில், அதாவது மார்பெலும்பருகே மட்டும்தான். மற்றவையெல்லாம் தசைகளால் தாங்கப்படுபவை.

தட்டின்மேல் வைத்த எலுமிச்சை

பள்ளிப் பாடநூல்கள் இடுப்பையும் தோளையும் ஒருங்கே பந்துக் கிண்ண மூட்டு என்று கூறும். வகையால் அது சரி. அளவால் இரண்டும் வெவ்வேறு. இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் கிண்ணமாக இல்லை. ஆழமற்ற ஒரு சிறு தட்டாக இருக்கிறது. அத்தட்டின்மேல் எலுமிச்சம்பழம் ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தியதைப்போல மேற்கையின் பந்து நிற்கிறது. எந்த நிலையிலும் பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே தட்டைத் தொடுகிறது. தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்குருத்து வளையம் அதனைச் சற்று ஆழமாக்குகிறது. சுற்றியுள்ள மூட்டுறை, தளர்வாகத் தைத்த சட்டைக் கைபோல இடங்கொடுக்கிறது.

இதனால் பெற்றது அசையும் உரிமை, இழந்தது உறுதி. உடலின் பெரிய மூட்டுகளுள் மிகுதியாக இடம் நழுவுவது தோளே; அதுவும் பெரும்பாலும் முன்புறமாகவே நழுவுகிறது.

எலும்பு கொடுக்காத உறுதியைத் தசை கொடுக்கிறது. தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள், பந்தின் முன்னும் மேலும் பின்னுமாகத் தழுவிப் பற்றுகின்றன. ஆங்கிலத்தில் இக்கூட்டத்தை ரொட்டேட்டர் கஃப் என்பர். முன்புறமுள்ள சப்ஸ்கேப்புலாரிஸ் கையை உட்புறம் திருப்பும். பின்புறமுள்ள இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும் வெளிப்புறம் திருப்பும். மேலேயுள்ள சூப்ராஸ்பைனேட்டஸ் கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும். சுழற்றுதலை மட்டும் சுட்டுகின்ற இப்பெயர் அவற்றின் பணியில் பாதியையே சொல்கிறது. கை எங்கு சென்றாலும் பந்தைத் தட்டின் நடுவில் அழுத்திப் பிடித்து வைப்பதே மற்றப் பாதி.

உருளல், வழுக்கல், சுழலல்

மகிழுந்தின் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். சாலையில் ஓடும்போது அது உருள்கிறது. மழைநீரில் திடீரென நிறுத்துவிசையை மிதித்தால், சுற்றாமலே வழுக்கிச் செல்கிறது. சேற்றில் புதைந்தால் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. மூட்டுப் பரப்புகளின் அசைவுகளும் இம்மூன்றே.

கையைப் பக்கவாட்டில் உயர்த்துகையில், மேற்கையின் பந்து தட்டின்மேல் மேல்நோக்கி உருள்கிறது. உருள்வது மட்டும் நிகழ்ந்தால், பந்து விரைவில் தட்டின் மேல்விளிம்பைத் தாண்டி, கூரையாகிய அக்ரோமியனில் முட்டும். பந்துக்கும் கூரைக்கும் இடையே உள்ள வெளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. அவ்வெளியிலும் சூப்ராஸ்பைனேட்டஸின் நாண் இருக்கிறது. ஆகவே பந்து மேல்நோக்கி உருளும் அதே வேளையில் கீழ்நோக்கி வழுக்கவும் வேண்டும். தோளின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் பெரிய தசையாகிய டெல்ட்டாய்டு மேற்கையை மேல்நோக்கி இழுக்க, சுழற்றுத் தசைகள் உள்ளும் கீழுமாக இழுக்கின்றன. இரண்டும் ஒத்து இழுக்கும்வரை பந்து நடுவில் நிற்கும். சுழற்றுத் தசைகள் தளர்ந்தால், கையை உயர்த்த முயலும்போது பந்து மேலேறித் தோள் மட்டும் தூக்கிக்கொள்ளும்.

இரண்டுக்கு ஒன்று

கையைத் தொங்கிய நிலையிலிருந்து தலைக்குமேல் நேராக உயர்த்தினால் 180 பாகை. இத்தனையையும் பந்தும் தட்டும் தாமே செய்வதில்லை. ஏறத்தாழ 120 பாகை மேற்கையின் மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பின் திரும்பலிலும் நிகழ்கின்றன. 1944-ஆம் ஆண்டில் இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை நிலைநாட்டியது. அசைவின் எல்லாக் கட்டங்களிலும் இவ்விகிதம் மாறாது நிற்பதில்லை. தொடக்கத்தில் மேற்கையே மிகுதியாக அசைகிறது. எனினும் முழு அசைவுக்கான கணக்காக இதனை இன்றும் பயிற்றுவிக்கின்றனர்.

இதனை வகுப்பிலேயே காணலாம். ஒரு மாணவர் கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தட்டும். பின்னால் நிற்பவர் அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்திருக்கட்டும். கை ஏற ஏற அம்முனை முதுகை விட்டு விலாப்புறமாக நகர்வதை விரல் உணரும். ஓட்டுநர் இரு கைகளாலும் சுக்கானைத் திருப்புவதைப்போல, ட்ரப்பீசியஸ் மேலிருந்தும் செரேட்டஸ் ஆண்டீரியர் விலாப்புறமிருந்தும் இழுத்து அந்த எலும்பைத் திருப்புகின்றன. தட்டும் பந்தோடு சேர்ந்து திரும்புவதால்தான் தலைக்குமேல் உயர்த்திய கையிலும் பந்து தட்டைவிட்டு விலகாதிருக்கிறது.

இன்னொரு சோதனை. கட்டைவிரல் தரையை நோக்குமாறு கையை உட்புறம் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாக உயர்த்துங்கள். தோள் மட்டத்தை அடைந்ததும் தடை தோன்றும். அதற்குமேல் வற்புறுத்த வேண்டா. இப்போது உள்ளங்கை வானை நோக்குமாறு கை முழுவதையும் தோளிலிருந்து வெளிப்புறம் திருப்புங்கள். தடை நீங்கிக் கை மேலே செல்லும். மேற்கையின் பந்துக்கு அருகிலுள்ள புடைப்பு முதல் நிலையில் கூரைக்கு அடியில் சிக்குகிறது. வெளிப்புறம் திருப்பியதும் பின்னால் ஒதுங்கி வழிவிடுகிறது. வெளிச்சுழற்சி இன்றி முழு உயர்வு இல்லை.

திருகாமலே திரும்பும் கை

பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் காட்மன், 1934-இல் தோளைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். தோளசைவின் புதிர் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் எளிய வடிவத்தைச் செய்து பார்ப்போம்.

வலக்கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கை தொடையை நோக்குமாறு நில்லுங்கள். முழங்கையை மடக்கவோ கையைத் திருகவோ வேண்டா. முதலில் கையை முன்புறமாகத் தோள் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அடுத்து, அதே மட்டத்தில் வலப்பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். மூன்றாவதாக, பக்கவாட்டிலேயே கீழே இறக்குங்கள். கை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் உள்ளங்கையைப் பாருங்கள்: தொடையை நோக்கியிருந்தது இப்போது முன்புறத்தை நோக்குகிறது. எவ்விடத்திலும் நாம் கையைத் திருகவில்லை. எனினும் அது 90 பாகை திரும்பியிருக்கிறது.

இனி அதே பாதையில் எதிர்வரிசையில் செல்லுங்கள். முதலில் பக்கவாட்டில் உயர்த்தி, பின் முன்புறம் கொணர்ந்து, பின் இறக்குங்கள். இப்போது உள்ளங்கை பின்புறத்தை நோக்கும்.

இதில் மாயம் ஏதுமில்லை. முப்பரிமாண வெளியில் சுழற்சிகளுக்குப் பரிமாற்றுப் பண்பு கிடையாது. இரண்டையும் மூன்றையும் எவ்வரிசையில் கூட்டினாலும் ஐந்தே வரும். இரண்டு சுழற்சிகளை வரிசை மாற்றிச் செய்தால் வேறு முடிவு வரும். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பத்தையும் நூறையும் சேர்த்துப் பத்து நூறு என்றால் ஆயிரம்; நூற்றுப் பத்து என்றால் நூற்றொடு பத்து. உறுப்புகள் அவையே; வரிசை பொருளை மாற்றிவிடுகிறது. ஆதலால் தோளசைவை விவரிப்பவர், எந்தெந்த அசைவுகள் என்பதோடு, எது முதலில், எது பின்னர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எழுதுபலகையின் முன் ஒரு கணக்கு

ஆசிரியர்களுக்குப் பயன்படும் கணக்கு ஒன்று. ஒரு கையின் எடை உடலெடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கை 3 கிலோ. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால், அவ்வெடை தோள்மூட்டிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் செயற்படுகிறது. அதனைத் தாங்கும் தசை இழுக்கும் கோடோ மூட்டின் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் அளவிலேயே செல்கிறது. தொலைவு பத்தில் ஒன்று. எனவே விசை பத்து மடங்கு. 3 கிலோ கையைத் தாங்கத் தசை 30 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். இது எளிமைப்படுத்திய கணக்கேயாயினும் உண்மையின் அளவைக் காட்டப் போதுமானது.

முழங்கையை மடக்கினால் எடையின் மையம் உடலை நெருங்கும், சுமை குறையும். எனவே பலகையில் எழுதுகையில் எட்டி நின்று கையை நீட்டாமல், நெருங்கி நின்று முழங்கையை மடக்கி, தோள் மட்டத்துக்குக் கீழே எழுதுதல் நன்று. முப்பதாண்டுக் காலம் இதற்கு மாறாகவே எழுதிவந்தவர் என்ற உரிமையில் இதனைச் சொல்கிறோம்.

திரும்பவில்லையா, திருப்ப முடியவில்லையா?

இப்போது தமக்கையாரின் சொற்களுக்குத் திரும்புவோம். தமிழில் அசைவைக் குறிக்கும் வினைகள் பல இணையிணையாக நிற்கின்றன: திரும்பு, திருப்பு, உருள், உருட்டு, சுழல், சுழற்று, எழும்பு, எழுப்பு. முன்னது தானே நிகழ்வது; பின்னது ஒருவர் நிகழ்விப்பது. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்னும் பாடத்தில் இவற்றைப் பயிற்றுவிக்கிறோம். பெரும்பாலும் தேர்வுக்குரிய மாற்றியெழுதும் பயிற்சியோடு அப்பாடம் முடிந்துவிடுகிறது.

தோளை ஆராயும் மருத்துவருக்கோ இவ்வேறுபாடு முதற்படி. நோயாளி தாமே கையை அசைத்தால் எவ்வளவு செல்கிறது, மருத்துவர் பிடித்து அசைத்தால் எவ்வளவு செல்கிறது என்று அவர் இரண்டையும் ஒப்பிடுகிறார். சுழற்றுத் தசையின் நாண் கிழிந்திருந்தால், நோயாளியால் கையை உயர்த்த இயலாமற் போகலாம். ஆனால் பிறர் உயர்த்தினால் கை உயரும். "என்னால் திருப்ப முடியவில்லை, நீங்கள் திருப்பினால் திரும்புகிறது" என்பது அவருடைய வாக்கியம்.

உறைந்த தோள் என்னும் நோயில் நிலை வேறு. காட்மன் அதே 1934-ஆம் ஆண்டு நூலில் இந்நோய்க்கு இப்பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். தளர்ந்த சட்டைக் கைபோல இருக்க வேண்டிய மூட்டுறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. எவர் அசைத்தாலும் கை ஓரெல்லைக்குமேல் செல்வதில்லை. வெளிப்புறம் திரும்புவதே மிகுதியாகத் தடைப்படும். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டோரிடமும், பெண்களிடமும், நீரிழிவு உள்ளோரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. "நீ பிடிச்சுத் திருப்பினாலும் திரும்பாது" என்று தமக்கையார் சொன்னது இதைத்தான். திருப்பினாலும், திரும்பாது என்னும் இரு வினைகளை அடுத்தடுத்து வைத்து, மருத்துவர் கேட்ட இரு கேள்விகளுக்கும் அவர் விடையளித்துவிட்டார்.

சொல்லைக் கொண்டே நோயை முடிவு செய்யலாம் என்று நாம் கூறவில்லை. வலி மிகுந்தால் எவ்வசைவும் தடைப்படும். மூட்டுத் தேய்விலும் பிறர் அசைத்தாலும் அசையாத நிலை உண்டு. முடிவு செய்வது மருத்துவர் பணி. அவர் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பதை நோயாளியின் சொல் காட்டும். அச்சொல் இடையில் நிற்பவரின் வாயில் "வலிக்கிறதாம்" என்று தேய்ந்துபோனால், கேள்வி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நம் இல்லங்களில் அவ்வாறு இடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் மாணவர்களே.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். தன்வினை, பிறவினை பாடம் வரும் நாளில் மாணவர்களை இருவர் இருவராக நிறுத்துங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையைக் கதவுபோல் வெளிப்புறம் திருப்பச் சொல்லுங்கள். முதலில் தாமே திருப்பட்டும். பின்னர் மற்றவர் மெல்லத் திருப்பட்டும். நிகழ்ந்ததை முழு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

தமக்கையாருக்கு உறைந்த தோள் என்றே முடிவாயிற்று. ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி செய்தார். பெரும்பகுதி அசைவு மீண்டது. பயிற்சிக்கு உடன் சென்றவன் அந்தப் பேரனே. முதல் மாதம் முடிவதற்குள், கையைப் பிடிக்கும் முன் அவன் கேட்கும் கேள்வி மாறியிருந்தது: "நீங்களே திருப்புறீங்களா பாட்டி, நான் திருப்பட்டுமா?"